துருக்கிக்குப் போகிறோம் (5 பேர் + சித்தப்பா)

நான், காலை 7:12
எல்லாரும் பார்க்கவும். டிக்கெட் உறுதியாகிவிட்டது. அக்டோபர் 17 இஸ்தான்புல், 27 இஸ்மிரில் இருந்து கிளம்புகிறோம். இஸ்தான்புல் 2 இரவு தம்பி பார்த்துக்கொண்டான். மீதி சாஃப்ரான்போலு 2, கோரெமே 3, செல்சுக் 3. மூன்று ஊரிலும் எங்கே தங்குவது என்று இன்றைக்கே முடிவு செய்தாக வேண்டும், இந்தக் குழுவில் பதினைந்து நாளாகக் கோரெமே பலூன் சவாரிப் படம்தான் ஓடுகிறது.

தம்பி (ஃபிராங்க்பர்ட்), 7:15
பலூன் படம் போட்டது நான் இல்லை

அம்மா, 7:15
நீதான்

அத்தை, 7:31
குரல் செய்தி, 3:08

நான், 7:33
அத்தை, வண்டியில் போய்க்கொண்டிருக்கிறேன், மூன்று நிமிஷம் கேட்க முடியாது. எழுதி அனுப்புங்களேன்.

அத்தை, 7:50
கண்ணு நான் சொன்னது இவ்வளவுதான் மாடிப்படி ஏற முடியாது இரண்டாவது குளியலறை அறைக்குள்ளேயே இருக்க வேண்டும் மூன்றாவது தண்ணீர் இருக்க வேண்டும் காகிதம் மட்டும் என்றால் நான் வரவில்லை நீங்கள் போய்விட்டு வாருங்கள்

சித்தப்பா, 7:58
அக்கா, தண்ணீர் விஷயத்தில் கவலையே வேண்டாம். ஜெர்மனியில்தான் அந்தத் தொல்லை. துருக்கியில் எந்த ஓட்டலுக்குப் போனாலும் கம்மோடுக்கு உள்ளேயே பின்பக்கத்தில் சின்னக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், பக்கத்துச் சுவரில் அதற்கு ஒரு திருகு. மெதுவாகத் திறக்கணும், முதல் நாள் நான் வேகமாகத் திறந்து சட்டை வரை நனைந்தேன். காகிதத்தை மட்டும் பழைய வீடுகளில் கம்மோடில் போடக் கூடாது, ஓரத்தில் கூடை வைத்திருப்பார்கள்.

அத்தை, 8:01
அப்படியானால் சரி

அப்பா, 8:04
காலை வேளையில் இதைத்தான் பேச வேண்டுமா.

நான், 8:40
ஆபீஸ் வந்துவிட்டேன். முதலில் சாஃப்ரான்போலு. எனக்கு இது முடிவாகாமல் மற்றது ஓடாது. 1994-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர், பழைய ஒட்டமான் காலத்து வீடுகள், கொனாக் என்கிறார்கள், பலவற்றை அப்படியே விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். படத்தில் எல்லாமே ஒன்று போல இருக்கிறது. சன்னலை ஒட்டித் திண்ணை மாதிரி நீளமாக மெத்தை, மரக்கூரை, வெள்ளைப் பின்னல் திரை. சித்தப்பா ஒருவர்தான் அங்கே போனவர், அவர் சொல்லட்டும்.

சித்தப்பா, 8:52
அந்தத் திண்ணைக்கு செதிர் என்று பேர். அதில் உட்கார்ந்து தேநீர் குடித்தால் எழுந்திருக்க மனசு வராது, அதெல்லாம் உண்மைதான். ஆனால் பாப்பா, அந்த ஊரை முதலில் மூன்றாகப் புரிந்துகொள். பள்ளத்தில் இருப்பது சார்ஷி, பழைய கடைத்தெரு, நீ பார்க்கிற படமெல்லாம் அங்கேதான். மேட்டில் இருப்பது கிரான்கோய், பஸ், வங்கி, சாதாரண மாடிக் கட்டடம் எல்லாம் அங்கே. இன்னும் தள்ளி பாலார், பழைய காலத்தில் கோடைக்குக் குடிபோன தோட்டப் பக்கம். மூன்றுக்கும் முகவரியில் சாஃப்ரான்போலு என்றுதான் வரும்.
நான் போனபோது ஒரு விடுதி "பழைய நகரத்துக்கு மிக அருகில்" என்று போட்டிருந்தான். அருகில்தான், இறங்கும்போது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு அந்த 2 கிலோமீட்டர் மேட்டை ஏறிப் பார்த்தால் தெரியும். மினிபஸ் ஓடும், ஆனால் ராத்திரி அதை நம்பி உட்கார முடியாது.

அக்கா (பெங்களூர்), 9:05
நான் வரவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அத்தைக்கு மேட்டில் இருக்கிற புது ஓட்டல்தான் சரி. லிஃப்ட் இருக்கும், பாத்ரூம் ஒழுங்காக இருக்கும், பகலில் கீழே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

சித்தப்பா, 9:09
அதற்கு அங்கே போகவே வேண்டாம். அந்த ஊர் பகலில் ஒரு சுற்றுலாத்தலம், அவ்வளவுதான். அங்காராவில் இருந்து பஸ் பஸ்ஸாக வந்து லோக்கும் என்கிற துருக்கி மிட்டாய் வாங்கிக்கொண்டு சாயங்காலம் போய்விடுவார்கள். அதற்கப்புறம் கடைக்காரர்கள் பலகைக் கதவை ஒவ்வொன்றாகச் சாத்துவதும் பூனைகள் நடுத்தெருவில் வந்து படுப்பதும் கல் தரையில் யாரோ ஒருவர் நடந்து போகிற சத்தமும், அதுதான் சாஃப்ரான்போலு. கீழே தங்கினவனுக்குத்தான் அது கிடைக்கும்.

அப்பா, 9:12
கீழேயே தங்கலாம்.

அக்கா (பெங்களூர்), 9:13
அப்பா, முழங்கால் உங்களுடையது இல்லை

அத்தை, 9:20
என் முழங்காலைப் பற்றி நான் பேசிக்கொள்கிறேன். கீழே தங்கினால் என்ன கஷ்டம் அதைச் சொல்லடா

சித்தப்பா, 9:34
உண்மையைச் சொல்லிவிடுகிறேன் அக்கா. மூன்று விஷயம். தெரு முழுக்கக் கரடுமுரடான கல், சக்கரப் பெட்டி உருளாது, தூக்கத்தான் வேண்டும், அதற்குப் பையன்கள் இருக்கிறார்கள். படிக்கட்டு மரம், செங்குத்து, வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்வார்கள், காலுறையோடு ஏறினால் வழுக்கும். மூன்றாவது குளியலறை. அதைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

தம்பி (ஃபிராங்க்பர்ட்), 9:35
சொல்லுங்க சொல்லுங்க

சித்தப்பா, 9:41
அலமாரிக்குள் இருக்கும்.

அத்தை, 9:41
என்ன

சித்தப்பா, 9:55
நிஜமாகத்தான். அந்தக் காலத்தில் ஒவ்வொரு அறையிலும் சுவர் நீளத்துக்கு மர அலமாரி, பகலில் பாய் படுக்கையைச் சுருட்டி அதில்தான் வைப்பார்கள். அதில் ஒரு கதவைத் திறந்தால் உள்ளே ஆள் நின்று குளிக்கிற அளவுக்கு இடம் இருக்கும், குசுல்ஹானெ என்று பேர். விடுதியாக மாற்றும்போது அறையின் அழகு கெடக் கூடாது என்று அதே இடத்திலேயே ஷவர், கம்மோடு, வாஷ்பேசின் எல்லாவற்றையும் அடைத்துவிட்டார்கள். நான் தங்கின அறையில் செதுக்குவேலை செய்த கதவைத் திறந்து, முழங்கால் உயரத்துக்கு ஒரு மரப்படி ஏறி, தலையைக் குனிந்து உள்ளே போய், அங்கேயே திரும்பித்தான் உட்கார வேண்டும். குளித்தால் கம்மோடும் குளிக்கும். எனக்கு அது ஒரு வேடிக்கை. ராத்திரி இரண்டு மணிக்கு அக்கா எழுந்தால் வேடிக்கை இல்லை.

அம்மா, 9:57
ஐயோ

அத்தை, 9:58
அலமாரிக்குள் குளிக்கிற வயது எனக்குத் தாண்டிவிட்டது

அக்கா (பெங்களூர்), 9:58
நான் சொன்னேன் இல்லையா

நான், 10:20
பொறுங்கள். எல்லா அறையும் அப்படியா சித்தப்பா?

சித்தப்பா, 10:26
இல்லை. பின்னால் தனியாகக் கட்டிச் சேர்த்த குளியலறை உள்ள வீடுகள் நிறைய இருக்கின்றன. முற்றத்தை ஒட்டித் தரைத்தளத்தில் அறை வைத்திருப்பவர்களும் உண்டு. இன்னொன்று, 1645-ல் கட்டின ஜிஞ்ஜி ஹான் என்று ஒரு பெரிய சத்திரம், ஒட்டக வணிகர்கள் தங்கினது, அதுவும் இப்போது விடுதிதான். கல் கட்டடம், நடுவில் முற்றம். பார்க்க ஜோர், ஆனால் கல் அறை இருட்டாகத்தான் இருக்கும், எனக்குப் பிடிக்கவில்லை. வீடுதான் வீடு.
நேராக விடுதிக்காரரிடமே கேள். படத்தைப் பார்த்து முடிவு செய்யாதே. படத்தில் குளியலறைக் கதவு மூடித்தான் இருக்கும்.

நான், 10:31
சரி, கேட்டு எழுதுகிறேன். தரைத்தளத்தில் ஒரு அறை, குளியலறை அலமாரிக்குள் இருக்கக் கூடாது, அத்தைக்கும் எனக்கும் தனித்தனிக் கட்டில். அப்பா அம்மாவுக்கு மேலே ஒன்று. தம்பிக்கு எங்கே இடம் இருக்கிறதோ அங்கே.

தம்பி (ஃபிராங்க்பர்ட்), 10:32
எனக்கு அலமாரி அறை வேண்டும்

அப்பா, 10:40
அரசாங்க விருந்தினர் மாளிகை மாதிரி ஒன்றும் கிடையாதா அங்கே.

சித்தப்பா, 10:47
இருக்கிறது அண்ணா, உங்களுக்குப் பிடித்த வகையே இருக்கிறது. ஒரெட்மென் எவி, ஆசிரியர் இல்லம். கல்வி அமைச்சகம் நடத்துவது, சின்ன ஊர்களில்கூடப் பார்க்கலாம், இடம் காலியாக இருந்தால் வெளி ஆளுக்கும் தருவார்கள். சுத்தமாக, விலை குறைவாக இருக்கும். ஆனால் நம் அரசாங்க விடுதி போலவே குழல் விளக்கும் பழுப்புத் திரையும். ஒரு ராத்திரி பஸ் மாறுவதற்கு நல்லது. இதற்காக ஏழு கடல் தாண்ட வேண்டாம்.

அப்பா, 10:49
ஒரு ஆசிரியனுக்கு ஆசிரியர் இல்லத்தில் இடம் இல்லையா. சரி சரி.

அம்மா, 11:15
சாப்பாடு? எனக்கும் அண்ணிக்கும் கறி ஆகாது

சித்தப்பா, 11:24
அண்ணி, காலைச் சாப்பாடு பெரும்பாலும் விடுதி வாடகையிலேயே சேர்ந்திருக்கும், அதை ஒழுங்காகச் சாப்பிட்டால் மத்தியானம் வரை தாங்கும். ஆலிவ், நாலைந்து வகைச் சீஸ், தக்காளி, வெள்ளரி, தேன், பாலாடை, ரொட்டி. அதனால்தான் சொல்கிறேன், வீட்டுக்காரம்மா சமைக்கிற சின்ன விடுதி நல்லது. சாஃப்ரான்போலுவில் ஜெவிஸ்லி யாயிம் என்று ஒன்று, வீட்டில் செய்த பாஸ்தா மாதிரி, மேலே அக்ரூட் தூவித் தருவார்கள், கறியே கிடையாது. பருப்பு சூப் எங்கும் கிடைக்கும், ஆனால் சில இடத்தில் எலும்பு வேகவைத்த தண்ணீரில் போடுவார்கள், கேட்டுக்கொள்ளணும். "எத் யோக்" என்றால் கறி இல்லை. இந்த இரண்டு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

அத்தை, 11:26
எத் யோக்

அம்மா, 11:26
எத் யோக்

தம்பி (ஃபிராங்க்பர்ட்), மதியம் 1:02
இப்போது கோரெமே பேசலாமா. குகை அறைதான், பேச்சே இல்லை. நேஷனல் பார்க்கும் 1985-லேயே யுனெஸ்கோ பட்டியலில் வந்துவிட்டது

நான், 1:10
குகை சரி. ஆனால் நேற்று ராத்திரி உட்கார்ந்து படித்ததில் ஒன்று தெரிந்தது, அங்கே இரண்டு வகை அறை. பாறையைக் குடைந்தது ஒன்று, வெட்டிய கல்லை வளைவாக அடுக்கிக் கட்டியது இன்னொன்று. குடைந்ததில் பலவற்றில் சன்னலே இருக்காது, கதவைச் சாத்தினால் பகலா ராத்திரியா தெரியாது, ஈர வாசனையும் அடிக்கும். அம்மாவுக்கு ஆஸ்துமா. அதனால் அம்மா அப்பாவுக்கு வளைவு அறை, சன்னலோடு. உனக்குக் குகை, எத்தனை ஆழம் வேண்டுமோ எடுத்துக்கொள்.

தம்பி (ஃபிராங்க்பர்ட்), 1:12
பலூன் தெரிகிற மொட்டைமாடி?

நான், 1:15
அந்த மாடி இருக்கிற விடுதியெல்லாம் சரிவின் உச்சியில். பஸ் நிலையம் ஊர் நடுவில், கீழே. விடியற்காலையில் நீ ஏறிப் போய்ப் படம் எடு, தங்குவது கீழே, சமதளத்தில். பக்கத்து ஊர்கள் உச்சிஹிசார், ஊர்குப் இரண்டும் பார்த்தேன், அமைதியாக அழகாக இருக்கிறது, ஆனால் கார் இல்லாமல் நமக்குச் சரிப்படாது. கோரெமேயில் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கே நடந்து போய்விடலாம்.

சித்தப்பா, 1:30
சரியான முடிவு. இன்னொன்று பாப்பா, சாஃப்ரான்போலுவில் இருந்து கோரெமே ஒரே நாளில் என்றால் அங்காரா மூன்று மணி நேரம், அங்கே பஸ் மாறி மறுபடி நாலைந்து மணி நேரம். காலை 7 மணிக்கே கிளம்பணும். விடுதியில் முந்தின நாளே சொன்னால் சாப்பாட்டைக் கட்டித் தருவார்கள்.

அம்மா, 1:33
செல்சுக்கில் கடல் இருக்கிறதா

நான், 1:41
கடல் வேண்டுமானால் 20 கிலோமீட்டரில் குஷாதாஸி, ஆனால் அங்கே கப்பலில் வருகிற கூட்டம். செல்சுக்கில் எஃபெசுஸ் என்ற பழைய நகரத்தின் இடிபாடு 3 கிலோமீட்டர்தான். சனிக்கிழமைச் சந்தை வேறு. ரயில் நிலையத்துப் பக்கம் பழைய நீர்க்கால்வாய்த் தூண்கள் நிற்கும், மேலே நாரைக் கூடுகள், அக்டோபரில் நாரை இருக்காது, கூடு இருக்கும். நிலையத்தில் இருந்து நடக்கிற தூரத்தில் ஒரு குடும்ப விடுதி பார்த்துவைத்திருக்கிறேன். திரும்பும்போது விமான நிலையத்துக்கு அதே ரயில். அங்கே யோசிக்க ஒன்றும் இல்லை, போட்டுவிடுகிறேன்.

அக்கா (பெங்களூர்), 1:44
பக்கத்தில் மலைமேல் ஷிரின்ஜே என்று அழகான கிராமம் இருக்கிறதே, அங்கே தங்கலாமே

நான், 1:46
அக்கா, நீ வரவில்லை.

தம்பி (ஃபிராங்க்பர்ட்), 2:10
ஒன்று முக்கியம். இங்கிருந்தே எல்லா அறையையும் போட்டுவிடுங்கள். 2017-ல் அங்கே கோர்ட் உத்தரவு வந்து, புக்கிங் டாட் காமில் துருக்கிக்குள் இருந்துகொண்டு துருக்கி விடுதியைப் பதிய முடியாமல் போனது. அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். அப்புறம் ஈ-விசா. ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசா இருப்பதால்தான் இந்திய பாஸ்போர்ட்டுக்கு அது கிடைக்கிறது, துருக்கியில் நுழைகிற அன்றைக்கு ஷெங்கன் உயிரோடு இருக்க வேண்டும். அப்பா, உங்களுடையது என்றைக்கு முடிகிறது?

அப்பா, 2:31
பீரோவில் இருக்கிறது. சாயங்காலம் பார்த்துச் சொல்கிறேன்.

தம்பி (ஃபிராங்க்பர்ட்), 2:31
இப்போதே பாருங்கள் அப்பா

அப்பா, 2:58
அக்டோபர் 30.

நான், 2:59
அப்பாடா

நான், மாலை 5:20
சாஃப்ரான்போலு விடுதிக்காரர் வாட்ஸ்அப்பிலேயே பதில் போட்டார். விலை யூரோவில் சொல்கிறார், தளத்தில் இருப்பதைவிடக் குறைவு. அதற்கு மேல் 2 சதவீதம் தங்கும் வரி, அது 2023 முதல் எல்லா இடத்திலும் உண்டு. வார நாள் என்பதால் இடம் இருக்கிறதாம், சனி ஞாயிறு என்றால் அங்காராக்காரர்கள் நிறைத்துவிடுவார்களாம். குங்குமப்பூ அக்டோபர் கடைசியில்தான் பூக்கும், நமக்குக் கொஞ்சம் முன்னே, அதிர்ஷ்டம் இருந்தால் பார்க்கலாம் என்கிறார். ஊருக்கே அந்தப் பூவால்தான் பேர்.

அத்தை, 5:22
குளியலறை

நான், 5:24
படம் கேட்டேன் அத்தை. நான்கு படம் அனுப்பினார். முற்றத்தில் மாதுளை மரம், தேநீர்க் கெட்டில் ஒன்றின்மேல் ஒன்று, சன்னலில் இருந்து தெரிகிற கூரைகள், ஒரு பூனை.

சித்தப்பா, 5:25
நான் சொன்னேனே

நான், 5:26
மறுபடி கேட்டிருக்கிறேன். குளியலறைக்கு அவர்கள் சொல்கிற "பான்யோ, பான்யோ" என்று இரண்டு தடவை எழுதி, கீழே அத்தையின் வயதும் முழங்காலும் எழுதி.

அத்தை, 5:27
வயது எதற்கு எழுதினாய்

நான், 5:49
வந்துவிட்டது.
படம்
தரைத்தளம். முற்றத்தில் இருந்து ஒரே ஒரு படி. தனிக் கதவு, அலமாரி இல்லை, கம்மோடு பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி. தன் அம்மாவுக்காகக் கட்டினதாம், அவர் இப்போது அண்ணன் வீட்டில் இருக்கிறார் என்கிறார்.

சித்தப்பா, 5:51
உடனே போடு

அம்மா, 5:52
சுவரில் அந்தத் திருகு தெரிகிறதா பார்

நான், 5:53
தெரிகிறது. வலது பக்கம்.

அத்தை, 6:10
பெரிதாக்கிப் பார்த்தேன். கதவு உள்பக்கம் திறக்கிறதா வெளிப்பக்கமா என்று மட்டும் கேள். அப்புறம் போடு