ஃபுல்லர்: 'இரத்த ஓடை' வேண்டாமே

> வாளின் நடுவில் நீளவாக்கில் ஓடும் பள்ளத்துக்கு (ஆங்கிலத்தில் ஃபுல்லர்) தமிழில் 'இரத்த ஓடை' என்று போடலாமா?

அன்புள்ள ஐயா,

வேண்டாம். ஆங்கிலத்திலும் அந்தப் பெயர் பிழைதான். குத்திய வாளைச் சதை கவ்விக்கொள்ளும், குருதி வடிய வழி இருந்தால்தான் உருவ முடியும் என்பது வெறும் கதை. பள்ளத்தின் வேலை எடையைக் குறைப்பது. நடுவில் இரும்பு மெலிந்தாலும் அலகின் (பிடி நீங்கலாக வாளின் இரும்புப் பகுதி) விறைப்பு அவ்வளவாகக் குறையாது. வைக்கிங் கால வாள்கள் பலவும் ஒரு கிலோவை ஒட்டியே நிற்கின்றன. அகன்ற, ஆழமில்லாத பள்ளம் பிடியிலிருந்து கிட்டத்தட்ட நுனிவரை ஓடும். 'உல்ஃப்பெர்ட்' என்று பொறித்த வாள்களில் அந்த எழுத்துகள் இருப்பதும் இந்தப் பள்ளத்துக்குள்தான்.

இதே பள்ளத்துக்கு நேற்று ஒருவர் பரிந்துரைத்த 'காடி' தச்சருடைய சொல், எனக்கும் பிடித்தது. ஆனால் காடி என்பது மரத்தை வெட்டி எடுத்த பள்ளம். கொல்லரோ பழுக்கக் காய்ச்சிய அலகின்மேல் உருண்டை முகமுள்ள கருவியை வைத்துச் சம்மட்டியால் அடிக்கிறார். இரும்பு எங்கும் போய்விடுவதில்லை, ஒதுங்கிக்கொள்கிறது, அலகு அகலமாகிறது. ஏர் போன இடத்தில் மண் ஒதுங்குகிறதே, அதே கதைதான். எனவே 'சால்' என்கிறேன். (ஃபுல்லர் என்பதே அந்தக் கருவியின் பெயர்தான், பிறகு பள்ளத்துக்கும் ஒட்டிக்கொண்டது.)

வாளும் சாலும் சேர்ந்தால் 'வாட்சால்'. புணர்ச்சி சரி, ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், கைபேசியில் செய்தி வந்தது போல் இருக்கிறது. மேலும் குத்துவாளிலும் துப்பாக்கிச் சனியனிலும்கூட (பயனெட்) இந்தப் பள்ளம் உண்டு. ஆகவே 'அலகுச்சால்'. அலகு என்றால் யூனிட்டும்தான், தெரியும். வாள் பக்கத்தில் இருக்கும்போது யாரும் குழம்பப் போவதில்லை. 'இருசால் அலகு', 'சால் ஓட்டிய வாள்' என்று தடையில்லாமல் வளர்கிறது.

எனக்கு எதிரான சான்றையும் நானே வைத்துவிடுகிறேன். ஜப்பானிய வாளில் இதை 'ஹி' என்பார்கள். அங்கே 'சென்' என்ற கருவியால் எஃகைச் சுரண்டியே எடுக்கிறார்கள். வீசும்போது காற்று சீறும் ஓசைகூட அதனால் கூடுகிறது. கறாராகப் பார்த்தால் அது காடிதான். ஆனாலும் அருங்காட்சியகத்தில் குறிப்பு எழுதுபவர் செய்முறையைத் துருவிக்கொண்டிருக்க முடியாது. முடிந்த வடிவத்துக்கு ஒரே சொல் போதும்.

இன்னொன்று. 14ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தகட்டுக் கவசம் பெருகவும், இடுக்கில் குத்துவதற்கென்று சாலே இல்லாத, நடுவில் மேடு ஏறிய அலகுகள் வந்தன. அந்த மேட்டுக்கு யாராவது 'வரப்பு' என்று எழுதுவதற்கு முன், 'நடுமுகடு' என்று சொல்லிவைக்கிறேன்.