வாட்ஸாப்பில் 'பட்டை நாமம்' என்று எழுதினால் அவதூறு வழக்கு நிற்குமா? (தென்னாப்பிரிக்கா)

சாட்ஸ்வர்த்வாசி:
வணக்கம். டர்பனில் ஒரு கோயில் கமிட்டியின் வாட்ஸாப் குழு, 140 பேர். "காவடி வசூல்ல பொருளாளர் நமக்கெல்லாம் பட்டை நாமம் போட்டுட்டார்" என்று ஒருவர் தமிழில் எழுதினார். பெயர் இல்லை. இன்னொருவர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து பேஸ்புக்கில் போட்டுவிட்டார். கணக்கு தணிக்கை முடிந்து சரியாக இருக்கிறது. பொருளாளர் போலீஸுக்குப் போகலாமா? பகிர்ந்தவரும் பொறுப்பா?

வழக்குக்கட்டு:
போலீஸ் வழி அடைபட்டுவிட்டது. அவதூறு என்கிற குற்றத்தையே 2024இல் நீக்கிவிட்டார்கள். அடிப்பேன், கொளுத்துவேன் என்று மிரட்டியிருந்தால் சைபர் குற்றச் சட்டம் வரும். இதில் அப்படி எதுவும் இல்லை. ஆக, சிவில் வழக்குதான்.

பெயர் எழுதாதது தப்பிக்க உதவாது. படிக்கிறவருக்கு ஆள் யாரென்று புரிந்தால் போதும். ஒரு கமிட்டிக்கு ஒரே பொருளாளர்தானே. பகிர்ந்தவரும் மாட்டுவார், திரும்பச் சொல்வதும் வெளியிடுவதுதான். 2013இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றத்துக்கு வந்த பேஸ்புக் வழக்கு ஒன்றில், பதிவுகளை எழுதியவரோடு, அவற்றில் தன்னை டேக் செய்திருப்பது தெரிந்தும் பேசாமல் இருந்தவரையும் சேர்த்துப் பொறுப்பாக்கி 40,000 ராண்டு கட்டச் சொன்னார்கள்.

எல்லாரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு: "உண்மையைத்தானே சொன்னேன்" என்பது இங்கே பாதி பதில்தான். உண்மையாகவும் இருக்க வேண்டும், அதை வெளியிடுவதில் பொதுநலனும் இருக்க வேண்டும். நிரூபிக்க வேண்டியவர் எழுதியவர். பதிவு வெளியானது, அது ஒருவர் மானத்தைக் கெடுக்கிறது என்ற இரண்டையும் பொருளாளர் காட்டிவிட்டால், சட்டத்துக்குப் புறம்பாகவும் வேண்டுமென்றேயும் செய்ததாகத்தான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். "சொல்லிக்கிறாங்க" என்று வால் சேர்த்தாலும் காப்பாற்றாது.

பீனிக்ஸ் கணினிக்காரர்:
முதலில் ஆதாரம். சண்டைக்குப் போனால் அவர் பதிவை அழித்துவிடுவார், அதனால் குழுவில் ஒரு வரிகூடப் பதில் போட வேண்டாம்.

பேஸ்புக்கில் "3 மணி நேரம் முன்" என்று மட்டும் தெரிகிற படம் பிரயோஜனப்படாது. கணினியில் திறந்து அந்த நேரத்தின் மேல் சுட்டியை வைத்தால் முழுத் தேதி வரும். அதை அழுத்தினால் அந்தப் பதிவுக்கான தனி முகவரி கிடைக்கும். முகவரிப் பட்டையோடு படம் எடுங்கள். வாட்ஸாப்பில் வேறு சிக்கல்: நீங்கள் போனில் சேமித்த பெயர்தான் தெரியும், எண் தெரியாது. "அது நான் இல்லை" என்று சொல்ல அது ஒன்றே போதும். அவருடைய விவரப் பக்கத்தைத் திறந்து எண்ணையும் படம் எடுங்கள், உறுப்பினர் பட்டியலையும் எடுங்கள்; எத்தனை பேர் படித்திருக்கக்கூடும் என்பதற்கு அதுதான் சாட்சி. பிறகு உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து தொடாமல் வையுங்கள். குழுவில் படித்த வேறொருவரின் ஆபிடவிட் (சத்தியம் செய்து எழுதித் தரும் வாக்குமூலம்) இருந்தால் நல்லது. போலீஸ் ஸ்டேஷனில் காசில்லாமல் சத்தியப் பிரமாணம் வாங்கிக் கையெழுத்துப் போடுவார்கள்.

ஊமத்தம்பூ:
பதிவு தமிழில் இருப்பதை யாரும் கவனிக்கவில்லையே. தமிழ் இங்கே ஆட்சிமொழி இல்லை. உயர் நீதிமன்ற விதி 60இன்படி, சத்தியப் பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் சான்றளித்த மொழிபெயர்ப்போடுதான் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான். 'பட்டை நாமம் போட்டார்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், ஒருவர் நெற்றியில் மதக்குறி இட்டதாக வரும். அதில் என்ன அவதூறு? தமிழர் காதில் அது 'ஏமாற்றிப் பணத்தைச் சுருட்டினார்' என்று விழும். அந்த மறைபொருளையும், குழுவில் இருந்தவர்களுக்கு அது புரியும் என்பதையும் மனுவிலேயே எழுதியாக வேண்டும்.

சாட்ஸ்வர்த்வாசி:
மிக்க நன்றி. எந்தக் கோர்ட்? எவ்வளவு கிடைக்கும்?

வழக்குக்கட்டு:
சின்னத் தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளைம்ஸ் கோர்ட் அவதூறை எடுக்காது. மாவட்ட மாஜிஸ்திரேட் நீதிமன்றம் 2,00,000 ராண்டு வரை, அதற்கு மேல் 4,00,000 வரை வட்டார நீதிமன்றம். மூன்று வருடத்துக்குள் போட வேண்டும்.

தொகையை நம்பி இறங்க வேண்டாம். பள்ளித் துணை முதல்வரின் படத்தை மாணவர்கள் ஒட்டுவேலை செய்து பரப்பிய வழக்கில், 2011இல் அரசியல் சாசன நீதிமன்றம் 25,000 ராண்டும் மன்னிப்பும்தான் விதித்தது. தன்னைப் பற்றிய ட்விட்டர் பதிவுக்காக முன்னாள் நிதியமைச்சர் ட்ரெவர் மானுவலுக்குக் கிடைத்த 5,00,000 ராண்டுகூட, 2020இல் மேல்முறையீட்டில் மறு விசாரணைக்குத் திரும்பியது. வக்கீல் செலவு கிடைக்கும் பணத்தையே விழுங்கிவிடும்.

அதனால் முதலில் வக்கீல் கடிதம். சொன்ன வார்த்தைகளைத் தமிழில் அப்படியே எழுதி, நீக்க ஒரு கெடு வைத்து, மன்னிப்பு வாசகத்தையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். அது வாட்ஸாப் குழுவிலும் வர வேண்டும், அதே பேஸ்புக் பக்கத்திலும் வர வேண்டும். தணிக்கை அறிக்கையின் நகலைக் கூடவே அனுப்புங்கள். பெரிய தொகை கேட்டு ஆரம்பித்தால் மன்னிப்புக் கேட்க இருந்தவரும் முறுக்கிக்கொள்வார்.