குரூஸ் கன்ட்ரோல் செட் ஆகவில்லை: ஸ்டீயரிங் பொத்தானை மாற்றுவதற்கு முன் எதைச் சோதிப்பது?

கேள்வி

வணக்கம். மேனுவல் கியர் கொண்ட என் பெட்ரோல் காரில் சில வாரங்களாகக் குரூஸ் கன்ட்ரோல் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமலேயே, செட் செய்த வேகத்தில் காரை ஓட்டும் வசதி) தகராறு செய்கிறது. தொடக்கத்தில் மேடு பள்ளமான சாலையில் மட்டும் தானாக விடுபட்டது. ரெஸ்யூம் பொத்தானை அழுத்தியதும் மீண்டும் பிடித்துக்கொண்டது. இப்போது மெயின் பொத்தானை அழுத்தினால் டாஷ்போர்டில் விளக்கு எரிகிறது, ஆனால் செட் அழுத்தினால் வேகம் பதிவாவதே இல்லை. எஞ்சின் எச்சரிக்கை விளக்கோ ஏபிஎஸ் விளக்கோ எரியவில்லை. ஹாரன் ஒழுங்காக ஒலிக்கிறது.

பணிமனையில் பிரேக் விளக்குகள் சரியாக எரிவதையும், கிளட்சை முழுவதும் மிதித்தால்தான் வண்டி ஸ்டார்ட் ஆவதையும் பார்த்துவிட்டு, அந்த இரண்டு சுவிட்சுகளிலும் குறையில்லை என்றும் ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தான் தொகுதியை மாற்ற வேண்டும் என்றும் சொன்னார்கள். விலை கூடிய பாகம் என்பதால், மாற்றுவதற்கு முன் நானே எதையெல்லாம் சோதிக்கலாம் என்று அறிய விரும்புகிறேன். என்னிடம் மல்டிமீட்டரும் லைவ் டேட்டா (சென்சார்கள், சுவிட்சுகளின் அப்போதைய நிலை) காட்டும் ஸ்கேனரும் உள்ளன.

மறுமொழி 1

இப்போதைக்குப் பாகத்தை வாங்காதீர்கள். பணிமனையில் செய்த இரண்டு சோதனைகளும் குரூஸ் கன்ட்ரோலைப் பொறுத்தவரை எதையும் நிரூபிக்கவில்லை.

ஒரு வேகத்தைப் பிடித்துக்கொள்வதற்கு முன் இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பல நிபந்தனைகளைச் சரிபார்க்கிறது. வண்டி குறைந்தபட்ச வேகத்தை, அதாவது பல கார்களில் மணிக்குச் சுமார் 40 கி.மீ.யைத் தாண்டியிருக்க வேண்டும். பிரேக்கும் கிளட்சும் மிதிபடாமல் இருக்க வேண்டும். வேகத்தைச் சொல்லும் சென்சாரின் தகவல் நம்பும்படி இருக்க வேண்டும். இவற்றில் ஒன்றில் சந்தேகம் வந்தாலும் இசியு மறுத்துவிடும். அப்படி மறுக்கும்படிதான் பாதுகாப்புக்காக இதை வடிவமைத்திருக்கிறார்கள். ஆகவே மறுக்கச் சொல்லும் தகவல் எந்தக் கம்பி வழியாக வருகிறது என்று தேடுங்கள்.

பிரேக் சுவிட்சுக்குள் பெரும்பாலும் இரண்டு தொடுப்புகள் இருக்கும். ஒன்று மிதித்தால் இணைந்து விளக்கை எரிய வைக்கும். மற்றொன்று மிதிக்காதபோது இணைந்திருந்து, மிதித்ததும் பிரியும். குரூஸை ரத்து செய்வது இதுதான். இரண்டாவது தொடுப்பு தேய்ந்திருந்தாலோ சுவிட்ச் சற்று நகர்ந்திருந்தாலோ, விளக்குகள் சரியாகவே எரியும், ஆனால் இசியு மட்டும் பிரேக் மிதிபட்டிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். எச்சரிக்கை விளக்கு எரியாமலேயே பிழைக் குறியீடு பதிவாகியிருக்கலாம் என்பதால், பிரேக் சுவிட்ச் பழுதைக் குறிக்கும் பி0571, பி0504 போன்றவை இருக்கின்றனவா என்று முதலில் ஸ்கேனரில் பாருங்கள்.

கிளட்சிலும் இதே சிக்கல் உண்டு. ஸ்டார்ட் செய்ய அனுமதிக்கும் சுவிட்ச் பெடல் அடிவரை இறங்கும்போது வேலை செய்வது. குரூஸை ரத்து செய்யும் சுவிட்ச் பெடல் மேலே இருக்கும் நிலையைக் கவனிப்பது. பல கார்களில் இவை இரண்டும் தனித்தனி. எனவே வண்டி ஸ்டார்ட் ஆகிறது என்பதால் மேல் சுவிட்ச் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

லைவ் டேட்டாவில் பிரேக் 1, பிரேக் 2 (பிரேக் சுவிட்சின் இரண்டு தொடுப்புகள்), கிளட்ச் ஆகியவற்றின் நிலையைத் திரையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெடலையும் மிக மெதுவாக மிதித்து விடுங்கள். பொதுவான ஓபிடி (காரின் சுய பழுதறியும் அமைப்பு) தகவலை மட்டும் படிக்கும் ஸ்கேனர்களில் இவை பெரும்பாலும் வராது; அப்படியானால் சுவிட்சின் கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரில் தொடர்ச்சி (தொடுப்பு இணைகிறதா, பிரிகிறதா என்று) பார்க்க வேண்டும்.

மறுமொழி 2

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். பொத்தான் தொகுதியை நான் சந்தேகிக்காததற்கு உங்கள் கேள்வியிலேயே காரணம் இருக்கிறது. வேகம் ஒருமுறை பதிவான பிறகு செட் பொத்தானுக்கு வேலை இல்லை. செட் பொத்தானின் தொடுப்பு மட்டும் கெட்டிருந்தால், பிடித்த வேகம் பள்ளத்தில் விடுபட்டிருக்காது. விடுபட்டது என்றால் ரத்து செய்யச் சொல்லும் ஏதோ ஒரு தகவல் போயிருக்கிறது. அதிர்வில் அப்படி ஆடக்கூடியவை பெடல் சுவிட்சுகள்தான்.

இருந்தாலும் ஸ்டீயரிங் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பல கார்களில் குரூஸ் பொத்தான்கள் அனைத்தும் ஒரே கம்பியில், வெவ்வேறு மின்தடைகள் வழியாக இணைக்கப்பட்டிருக்கும். எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்பதை மின்னழுத்தத்தை வைத்தே இசியு கண்டுகொள்கிறது. வண்டியை நிறுத்திவைத்து, ஒரு பொத்தானை அழுத்தியபடியே ஸ்டீயரிங்கை இடமும் வலமும் முழுவதும் திருப்பிப் பாருங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் திரையில் அதன் நிலை மறைந்தால், ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கும் கிளாக் ஸ்பிரிங் கேபிள் அறுந்துகொண்டு வருகிறது என்று பொருள். ஹாரனுக்கு அதே கேபிளில் தனித் தடம் இருப்பதால், ஹாரன் ஒலிப்பது இதற்குச் சான்றாகாது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஸ்டீயரிங்கைத் திறக்க நேர்ந்தால், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கையேட்டில் சொன்ன நேரம்வரை காத்திருந்த பிறகே கை வையுங்கள். மஞ்சள் கனெக்டர் கொண்ட ஏர்பேக் கம்பிகளில் மல்டிமீட்டரை ஒருபோதும் வைக்காதீர்கள். அளவிடுவதற்காக அது அனுப்பும் சிறு மின்னோட்டம்கூட ஏர்பேக்கை வெடிக்கச் செய்யக்கூடும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. குறியீடு எதுவும் பதிவாகவில்லை. லைவ் டேட்டாவில் பிரேக் 1, பிரேக் 2 இரண்டும் ஒரே சமயத்தில் மாறின. ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் பொத்தான்களின் நிலையும் மறையவில்லை. ஆனால் கால் படாமலேயே கிளட்ச் "மிதிக்கப்பட்டது" என்று காட்டியது. பெடலைக் கையால் மேல்நோக்கி இழுத்தபோது ஒரு நொடி "விடப்பட்டது" என்று மாறி, விட்டதும் பழைய நிலைக்கே திரும்பியது.

டார்ச் அடித்துப் பார்த்ததில், சுவிட்சின் முனை வந்து அழுந்த வேண்டிய இடத்தில், பெடல் கையில் இருந்த சிறிய ரப்பர் அடைப்பானைக் காணவில்லை. வெறும் துளைதான் இருந்தது. அந்தத் துளைக்குள் சுவிட்சின் முனை நுழைந்துகொண்டதால் அது அழுந்தவே இல்லை. தரைவிரிப்பைத் தூக்கியபோது, கையில் எடுத்ததுமே பொடியாக உதிரும் துண்டுகள் கிடைத்தன. புதிய அடைப்பானைப் பொருத்தியதும் செட் ஆகிறது. மோசமான சாலையிலும் விடுபடவில்லை.

மறுமொழி 1

மகிழ்ச்சி. பிரேக் பெடலிலும் இதே போன்ற அடைப்பான் இருந்தால், அதுவும் இதே வயதுடையதாகத்தான் இருக்கும். கையோடு அதையும் மாற்றிவிடுங்கள். அது உதிர்ந்தால் பிரேக் விளக்குகள் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும், பின்னால் வருபவருக்கு நீங்கள் பிரேக் பிடிப்பதே தெரியாமல் போகும்.

வாகனங்கள் இல்லாத நேரான சாலையில், பிரேக்கை இலேசாகத் தொட்டாலும், கிளட்சைச் சற்றே மிதித்தாலும், கேன்சல் அழுத்தினாலும் குரூஸ் உடனே விடுபடுகிறதா என்று தனித்தனியாகச் சோதியுங்கள்.

இதே பழுதுடன் இங்கே வரப்போகும் மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்: சிலர் கிளட்ச் சுவிட்சின் இரண்டு கம்பிகளையும் நேரடியாக முறுக்கி இணைத்துவிட்டு, பழுது தீர்ந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அதன் பிறகு குரூஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது கிளட்சை மிதித்தால் அது இசியுவுக்குத் தெரியாது. குறையும் வேகத்தை மீட்பதற்காக இசியு த்ராட்டிலை (எஞ்சினுக்குக் காற்றை விடும் வால்வை) திறந்துகொண்டே போகும், சுமை ஏதும் இல்லாத எஞ்சின் சீறிக்கொண்டு சிவப்புக் கோட்டை (சுழற்சி வேகத்தின் உச்ச வரம்பை) நோக்கி ஏறும்.