வாரந்தோறும் கழுவியும் துருப்பிடித்த வண்டி: அனுபவப் பகிர்வு

என் மோட்டார் சைக்கிளை நான் 4 ஆண்டுகளாக வாரம் தவறாமல் கழுவி வந்தேன். டேங்கும் முன்விளக்கும் புதிதுபோல் பளபளத்ததால், வண்டி நல்ல நிலையில்தான் இருக்கிறது என்று உறுதியாக நம்பியிருந்தேன். பின்சக்கரத்தில் ஏதோ உராயும் சத்தம் கேட்கிறது என்று மெக்கானிக்கிடம் கொண்டுபோனபோது, அவர் சீட்டையும் பக்கவாட்டு மூடிகளையும் கழற்றி, பின் மட்கார்டின் உட்புறத்தைக் காட்டினார். வண்டியின் சட்டகமான சேஸிஸின் குழாய்கள் ஒன்றுசேரும் மூலையில் விரல் கனத்திற்குச் சேறு அப்பியிருந்தது. அதை அவர் ஸ்க்ரூடிரைவரால் நெம்பியபோது, சேற்றோடு பெயின்ட்டும், பெயின்ட்டோடு செதில் செதிலாகத் துருவும் பெயர்ந்து விழுந்தன. விழுந்த சேற்றை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தேன். கழுவி 3 நாள் ஆகியும் அது ஈரமாகவே இருந்தது. "நன்றாகக் கழுவுகிறீர்கள் என்பது தெரிகிறது, காயவிடுகிறீர்களா?" என்று அவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கழுவிய கையோடு பிளாஸ்டிக் உறையைப் போர்த்தி மூடிவிடுவதே அதுவரை என் வழக்கமாக இருந்தது.

சத்தத்திற்குக் காரணம், சக்கரம் அச்சில் தடையின்றிச் சுழல உதவும் பேரிங். வாட்டர் சர்வீஸில் அழுத்தத்தோடு நீர் பீய்ச்சும் துப்பாக்கியை அச்சுக்கு மிக அருகில் பிடித்து அடித்ததால், தண்ணீர் பேரிங்கை மூடியிருக்கும் ரப்பர் சீலைத் தாண்டி உள்ளே புகுந்து கிரீஸைக் கெடுத்திருந்தது. ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துப் பகுதி, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் மூட்டு, மின்கம்பிகளின் இணைப்புகள் ஆகியவற்றுக்கும் அந்த அழுத்தம் ஆகாது.

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்திருக்க வேண்டும் என்பதை எல்லோரும் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆனால் அந்தத் தண்ணீர் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதே ஒரு வண்டியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பதை நான் அன்றுதான் உணர்ந்தேன். மழையில் நனைந்து காற்றில் உலரும் டேங்கின் மேற்புறத்திற்குப் பெரிய கெடுதல் எதுவும் நேர்வதில்லை; சேறு மூடிய மூலைதான் நாள்கணக்கில் நனைந்தபடியே கிடக்கிறது. அந்தச் சேற்றில் உப்பும் கலந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினாலே சாதாரண உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானாகக் கரையத் தொடங்கும் என்பதால், மழையே பெய்யாத நாளிலும் அந்த மூலை காய்வதில்லை. கடலோரத்தில் வண்டி ஓட்டுபவர்களும், பனியை உருக்க உப்புத் தூவிய சாலைகளில் ஓட்டுபவர்களும் பயணம் முடிந்த அன்றே வெறும் தண்ணீரால் அடிப்பகுதியை அலசிவிடுவது நல்லது. பளபளப்பாக்கும் வேலையை விடுமுறை நாளுக்குத் தள்ளிவைக்கலாம்.

இப்போது நான் எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, நிழலில் வைத்துத்தான் கழுவுகிறேன். முதலில் குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டுச் சேற்றை ஊறவைத்துக் கரைக்கிறேன். மண் துகள் இருக்கும்போதே துணியால் தேய்த்தால் பெயின்ட்டில் கீறல் விழும். வாகனங்களுக்கான ஷாம்புவைத்தான் பயன்படுத்துகிறேன், ஏனெனில் பாத்திரம் கழுவும் திரவம் அழுக்கோடு மெழுகுப் பூச்சையும் சேர்த்து எடுத்துவிடுகிறது. இவற்றுக்கெல்லாம் அரைமணி நேரம் போதும். அதே அளவு நேரத்தை உலர்த்துவதற்கும் ஒதுக்குகிறேன். துணியால் துடைத்துவிட்டு, காற்றடிக்கும் கருவியால் போல்ட் தலைகளையும் குழாய் இடுக்குகளையும் ஊதிவிட்டு, பிறகு 10 அல்லது 15 நிமிடம் வண்டியை ஓட்டி, இடையிடையே பிரேக்கை மெல்லப் பிடித்து அதையும் காயவைக்கிறேன்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்து டேங்கின் அடிவிளிம்பில், இரண்டு தகடுகள் மடிந்து இணையும் தையல் ஓரமாக, விரலை ஓட்டிப் பாருங்கள். துடைத்த பின்னும் ஒரு சொட்டு அங்கே தொங்கிக்கொண்டிருக்கும். மட்கார்டின் உள்மடிப்பு, சைடு ஸ்டாண்டின் ஸ்ப்ரிங், நம்பர் பிளேட்டின் பின்புறம் ஆகிய இடங்களிலும் இப்படித்தான்.

சைலன்சரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் உள்ளிருந்துதான் அரிக்கப்படுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய அதே அளவு தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. சைலன்சர் நன்றாகச் சூடேறாவிட்டால் அந்த ஆவி உள்ளேயே குளிர்ந்து தேங்கிவிடும். ஓட்டாமல் நிற்கும் வண்டியை நாள்தோறும் 2 நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது நல்லது என்று நானும் நம்பியிருந்தேன். அது தண்ணீரை உள்ளே சேர்த்துவைக்கும் வேலைதான். பல சைலன்சர்களின் அடியில் நீர் வடிவதற்கென்றே ஒரு சிறு துளை இருக்கும். என்னுடையதில் அது சேற்றால் அடைபட்டிருந்தது.

*

மேலே எழுதிய நண்பர் மூலைகளைப் பற்றிச் சொன்னார். எனக்கு நேர்ந்ததோ, கண்ணெதிரே தெரியும் இடத்தில். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் பளபளக்கும் குழாயில் கடுகளவுப் பழுப்புப் புள்ளிகள் நான்கைந்து தோன்றியிருந்தன. அழகுக் குறை என்றே எடுத்துக்கொண்டு விட்டுவிட்டேன். குரோம் பூச்சில் கல் தெறித்தோ அழுக்கு ஒட்டியோ நுண்ணிய வழி ஏற்பட்டால், ஈரம் அதன் வழியே அடியிலுள்ள எஃகைத் தொட்டு, துரு அங்கிருந்து வெளியே முளைக்கிறது. அந்தப் புள்ளிகளை நகத்தால் தடவியபோது சொரசொரப்பாக இருந்தன. ஃபோர்க் மேலும் கீழும் ஓடும் ஒவ்வொரு முறையும் அந்தச் சொரசொரப்பு, உள்ளிருக்கும் எண்ணெய் வெளிவராமல் தடுக்கும் ஆயில் சீலின் மெல்லிய உதட்டை அறுத்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் காலையில் குழாயைச் சுற்றி எண்ணெய் வளையம் தெரிந்தது. அடுத்த வாரத்தில் எண்ணெய் வழிந்து பிரேக் பேடுவரை வந்துவிட்டது. அந்த நிலையில் முன் பிரேக்கைப் பிடித்தபோது வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனதை நினைத்தால் இப்போதும் உடல் நடுங்குகிறது.

ஆயில் சீலை மட்டும் மாற்றியதில் பயன் இல்லை. 3 மாதத்தில் அதுவும் கசிந்தது. இறுதியில் குழாயையே மாற்ற வேண்டியதாயிற்று. முதல் புள்ளி தோன்றிய நாளிலேயே அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்திருந்தால், அந்த மேலோட்டமான துரு போயிருக்கும். அலுமினியம் குரோமைவிட மென்மையானது என்பதால் கீறல் விழாது. தேய்த்த பின் துடைத்து, மெழுகு பூசிவிட வேண்டும். துருவுக்கு எண்ணெய் பூசும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிரேக் டிஸ்கின் பக்கம் மட்டும் அந்தப் புட்டியைக் கொண்டுபோகாதீர்கள். கழுவிய பின் டிஸ்கில் படரும் செந்நிறம் இரண்டு முறை பிரேக் பிடித்தாலே போய்விடும்.

*

மேலே எழுதிய இருவரைவிட என் அனுபவம் சிறியது; ஒரே ஒரு போல்ட்டைப் பற்றியது. எஞ்சினின் அலுமினிய மூடியிலிருந்த எஃகுப் போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தது. சோப்புக் கறை என்று நினைத்து ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டுப் போனேன். இரண்டு வெவ்வேறு உலோகங்கள் ஈரத்தில் ஒட்டியிருந்தால் அவற்றில் ஒன்று மற்றதற்காக அரிபடும். இங்கே அரிபட்டது அலுமினியம், அந்தப் பொடி அதன் துரு. மறைகளுக்குள், அதாவது போல்ட் திருகி ஏறும் வரிகளுக்குள், அது அடைத்துக்கொண்டதால், மூடியைக் கழற்ற முயன்றபோது போல்ட் அசையாமல் தலை மட்டும் முறிந்து கையோடு வந்தது. மீதித் தண்டை எடுக்க எண்ணெய் ஊறவைத்து, சூடேற்றி, இரண்டு நாள் போராடினோம்.

புதிய போல்ட்டை மாட்டும்போது, இறுகிப்போகாமல் தடுக்கும் பசையை மறையில் மெல்லியதாகத் தடவினேன். அந்தப் பசை உராய்வைக் குறைத்துவிடுவதால், வழக்கமான விசையோடு இறுக்கினால் அலுமினிய மறை பிய்ந்துவிடக்கூடும். ஆகவே சற்றுக் குறைவாகவே இறுக்கினேன். ஓராண்டு கழித்து, இரண்டு மழைக்காலங்களும் கடந்த பின், சென்ற வாரம் அதைக் கழற்றிப் பார்த்தேன். ஸ்பேனரை வைத்து ஒருமுறை திருப்பியதும் இளகியது. மறையில் வெள்ளைப் பொடி எதுவும் இல்லை.