ராபர்ட்ஸ் பிரபுவுக்குப் போர்ப் பதக்கங்கள் ஏன் இவ்வளவு குறைவு?

கேள்வி – பதக்கப்பிரியன்

1852 முதல் 1893 வரை இந்தியாவில் படைப்பணி ஆற்றிய பிரெடரிக் ராபர்ட்ஸின் விக்டோரியா கிராஸையும் (வீரத்துக்கான பிரிட்டனின் உயரிய விருது) பட்டங்களையும் ஒதுக்கிவிட்டால், அக்காலத்துப் போர்ப் பதக்கங்களாக ஐந்துதான் தேறுகின்றன. இத்தனை களம் கண்டவருக்கு இது குறைவு இல்லையா? 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தளபதியாக இருந்ததற்கு ஏன் எதுவும் தரப்படவில்லை? அவருடைய குதிரைக்கும் பதக்கம் கிடைத்தது என்பது உண்மைதானா?

மறுமொழி – பழைய பீரங்கி

பதக்கங்களை எண்ணினால் ஏமாந்துபோவீர்கள். ரிப்பனின் மேல் ஏறியிருக்கும் வெள்ளிப் பட்டைகளைப் படிக்க வேண்டும். 1854-இல் தொடங்கப்பட்ட இந்தியப் பொதுச்சேவைப் பதக்கம் ஒருவருக்கு ஒருமுறைதான். பிறகு வரும் ஒவ்வொரு படையெடுப்புக்கும் ஒரு பட்டை மட்டும் கூடும். ஆகவே 1863-இல் வடமேற்கு எல்லையில் நடந்த அம்பேலாவும், 1871–72-இன் லுஷாய் மலைகளும் (இன்றைய மிசோரம்), பிறகு வந்த பர்மாவும் அவருக்கு ஒரே பதக்கத்தில் அடங்கிவிட்டன. 1857 கிளர்ச்சிப் பதக்கத்தில் டெல்லி, லக்னோ மீட்பு, லக்னோ என மூன்று பட்டைகள். ஆப்கன் பதக்கத்தில் பெய்வார் கோத்தல், சாராசியா, காபூல், காந்தஹார் என நான்கு. அந்தப் பதக்கத்தில் எவரும் நான்குக்கு மேல் பெற்றதில்லை. அபிசீனியப் (இன்றைய எத்தியோப்பியா) பதக்கத்துக்குப் பட்டையே கிடையாது. ஆனால் பெற்றவரின் பெயரைப் பின்புறத்தில் புடைப்பெழுத்தாகவே வார்த்திருப்பார்கள், விளிம்பில் பொறிப்பதில்லை. அந்தச் செலவை நினைத்தால் இன்றும் வியப்புதான்.

மறுமொழி – நீலகிரிவாசி

சென்னைப் பதவிக்கு எதுவும் இல்லாததற்குக் காரணம் எளியது: அந்த ஆண்டுகளில் அவர் எந்தப் படையெடுப்பையும் நடத்தவில்லை, போர்ப் பதக்கம் பதவிக்குத் தரப்படுவதும் அல்ல. ஆனால் நம்மவர்களை அதிகம் பாதித்தவை, கோடையை உதகையில் கழித்த அந்த ஆண்டுகளே என்பேன். நெடுங்கால அமைதியில் தென்னிந்தியச் சிப்பாய்கள் போர்க்குணத்தை இழந்துவிட்டதாக அப்போது அவர் முடிவுகட்டினார். 1885-இல் இந்தியப் படைகளின் தலைமைத் தளபதியானதும் வடக்கிலிருந்தே ஆள்சேர்க்க வேண்டும் என்ற கொள்கையை வலுப்படுத்தினார். பத்தாம் சென்னைக் காலாட்படை கலைந்து, அதன் இடத்தில் பர்மாவில் அமைக்கப்பட்ட பிரிவுதான் பின்னாளில் பத்தாம் கூர்க்கா ரைபிள்ஸ் ஆயிற்று. அசாயேயிலும் சீரங்கப்பட்டணத்திலும் நின்ற படையைப் பற்றிய அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

மறுமொழி – காபூல் வழி

ஐந்தாவது பதக்கம் வெண்கல நட்சத்திரம். ஆப்கானிஸ்தானின் மைவந்தில் பிரிட்டிஷ் படை தோற்றபின், 1880 ஆகஸ்டில் சுமார் பத்தாயிரம் பேருடன் காபூலிலிருந்து முந்நூறு மைல் நடந்து காந்தஹாரை அடைந்த ராபர்ட்ஸ், செப்டம்பர் 1 அன்று ஆப்கன் படைத்தலைவர் அயூப் கானை முறியடித்தார். அங்கே பிடிபட்ட பீரங்கிகளின் உலோகத்தில்தான் அந்த நட்சத்திரம் வார்க்கப்பட்டது. அது நடைக்கான பதக்கம் என்பதால், வழியில் கலாத்-இ-கில்சாயில் சேர்ந்துகொண்ட காவற்படைக்கும் வழங்கப்பட்டது.

குதிரைச் செய்தியும் உண்மை. லுஷாய்த் தலைவன் ஒருவனின் பெயரைத் தாங்கிய வோனோலெல் என்ற வெள்ளை அரபுக் குதிரை, விக்டோரியா அரசியின் ஒப்புதலோடு நான்கு பட்டைகள் கொண்ட ஆப்கன் பதக்கத்தையும் நட்சத்திரத்தையும் கழுத்தில் அணிந்தது. 1897-இன் வைரவிழா ஊர்வலத்தில் ராபர்ட்ஸைச் சுமந்து சென்றதும் அதுவே. இரண்டு ஆண்டுகளில் இறந்த அதன் கல்லறை டப்ளினில் கில்மைன்ஹாம் வளாகத்தில் இருக்கிறது.