மறுமொழி: திறந்த அணுக்கமா, கட்டற்ற வெளியீடா? (டைனோசர் கட்டுரைக்காக)

அனைவருக்கும் வணக்கம்.

பள்ளி அறிவியல் இதழுக்கான புரோன்டோசரஸ் கட்டுரை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, ஒரு சொல் மட்டும் இன்னும் நிற்கிறது. யாரும் காசு கொடுக்காமல் படிக்கலாம், நகலெடுத்துப் பகிரலாம், எழுதியவர் பெயரைச் சொல்லிவிட்டு மறுபடி பயன்படுத்தலாம் என்று விடுகிற ஆய்வு வெளியீட்டை (ஆங்கிலத்தில் ‘ஓப்பன் ஆக்சஸ்’) தமிழில் என்னவென்று சொல்வது? எல்லாருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

> சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனின் ‘அடையா வாயில்’ இருக்கும்போது புதிதாக ஏன் தேட வேண்டும்?

ஐயா, அழகான சொல்தான். ஆனால் அங்கே ‘மூடாத’ என்று நிற்கும் ‘அடையா’வை இன்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ‘போய்ச் சேராத’ என்றுதான் படிக்கும், பொருள் தலைகீழாகிவிடும். அந்த வாயிலும் பொருநர், புலவர், அந்தணர் என்று ஆள் சொல்லித்தான் திறந்திருந்தது.

> ‘திறந்த அணுக்கம்’ ஏற்கெனவே இணையத்தில் புழங்குகிறதே.

புழங்குகிறது, சரி. எனக்கு உறுத்துவது அணுக்கம். தஞ்சைப் பெரிய கோயிலில் அணுக்கன் திருவாயில் என்று ஒன்று உண்டு. நெருங்கியவர்களுக்கான வழி அது. அணுக்கத் தொண்டர் என்பதிலும் அதே பொருள்தான். எல்லாருக்கும் பொதுவான ஒன்றுக்கு அந்தச் சொல்லை வைக்க மனம் வரவில்லை.

‘இலவச வெளியீடு’ என்று இருவர் சொன்னார்கள். புரியும், ஆனால் தப்பாகப் புரியும். படிப்பவருக்குத்தான் இலவசம், பல இதழ்களில் செலவு எழுதுபவர் தலையில் விழுகிறது. நேச்சர் இதழ் 2020இல் இதற்கு அறிவித்த தொகை ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. எலும்பு தோண்டப் போகவே பணம் புரட்ட முடியாத ஆய்வாளர் இதற்கு எங்கே போவார்? 1998இல் தொடங்கிய பேலியோன்டாலஜியா எலெக்ட்ரானிகா என்ற தொல்லுயிரியல் இதழ் இரு பக்கமும் காசு வாங்குவதில்லை. இலவசம் என்று எழுதினால் இந்த இரண்டும் ஒன்றாகிவிடும். தவிர, இந்த வகை வெளியீட்டுக்கு வரையறை தந்த 2002 புடாபெஸ்ட் அறிக்கை கேட்டது படிக்க மட்டுமல்ல, பகிரவும் பயன்படுத்தவும் உரிமை.

கட்டுரையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. 1879இல் தொல்லுயிர் ஆய்வாளர் மார்ஷ் வைத்த புரோன்டோசரஸ் என்ற பெயரை, 1903இல் ரிக்ஸ் என்ற ஆய்வாளர், அது முன்பே பெயர் பெற்ற அபடோசரஸ்தான் என்று சொல்லி நீக்கினார். 2015இல் சோப், மாட்டியூஸ், பென்சன் மூவரும் பீர்ஜே இதழில் ஏறக்குறைய 300 பக்கம் எழுதி அதை மீட்டார்கள். 477 உடற்கூறுகளை ஒப்பிட்ட அட்டவணை உட்பட எல்லாம் யார் கைக்கும் கிடைக்கும். அவர்கள் முடிவை ஏற்காதவர் அதே அட்டவணையை எடுத்து மாற்றிக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நம் அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த புருகத்காயோசரஸ் என்ற டைனோசரின் எலும்புகள் பொடிந்தே போய்விட்டன, இனி யார் ஆராய்ந்தாலும் எழுதி வைத்ததையும் படங்களையும் நம்பித்தான். அவையும் பூட்டின கதவுக்குப் பின்னால் இருந்தால் ஆராய என்ன மிஞ்சும்?

அதனால்தான் ‘கட்டற்ற வெளியீடு’ என்கிறேன். கட்டற்ற மென்பொருள் என்று ஏற்கெனவே பழகிவிட்டோம், உரிமை என்ற பொருளும் அதில் வருகிறது.

> ‘கட்டற்ற’ என்றால் கட்டுப்பாடே இல்லாதது, சரிபார்க்காமல் போட்டது என்று நினைப்பார்கள்.

இது நியாயமான கவலை, எனக்கும் இதற்கு முழு விடை இல்லை. சொல் முதலில் வரும் இடத்தில் ‘துறை அறிஞர்கள் சரிபார்த்த பிறகே வெளியாகும்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

அப்புறம், தொன்மாவா (பழங்கால விலங்கு என்று பொருள்) டைனோசரா என்ற பழைய வழக்கை இதில் இழுக்க வேண்டாம். பறவைகளும் டைனோசர் வழிவந்தவை என்று கட்டுரையே சொல்லும்போது, முற்றத்துக் காக்கையைத் தொன்மா என்று எப்படி எழுதுவது? டைனோசர் என்றே விட்டுவிட்டேன்.

இதுவரை எழுதியவர்களில் பெரும்பாலோர் ‘கட்டற்ற’ பக்கம், ஐயா இன்னும் ஒப்பவில்லை. இதைவிடத் தெளிவான சொல் யாருக்காவது தோன்றினால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள், மாற்றிவிடலாம்.