ஏழு சேலையும் நான்கு ரவிக்கையும் வைத்து ஒரு வருடத்தை ஓட்ட முடியுமா?

கேள்வி: புதிய ஊழியர்

வணக்கம். போன மாதம்தான் திருச்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். வயது 24. மணப்பாறையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். ஒரு பக்கமே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, பாதி நாள் நின்றுகொண்டுதான் பயணம்.

கல்லூரி முடியும் வரை சுடிதார்தான் அணிந்தேன். அலுவலகத்திலும் சுடிதாருக்குத் தடை இல்லை. ஆனால் எனக்குச் சேலை கட்டிப் போக ஆசை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நானே விரும்புகிறேன். அம்மாவின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கரும்பச்சையில் ஒரு சுங்குடி, அரக்கு நிறத்தில் கடுகு மஞ்சள் கரை வைத்த ஒரு கண்டாங்கி, அம்மாவின் கல்யாணப் பட்டு, இரண்டு பாலியெஸ்டர் சேலைகள் இருக்கின்றன. அம்மாவின் ரவிக்கை எதுவும் எனக்குப் பொருந்தவில்லை.

வீட்டுக்குக் கொடுத்ததுபோக இந்த மூன்று மாதத்துக்கு 8,000 ரூபாய் ஒதுக்க முடியும். அதற்குள் அலுவலகம், கோயில், உறவினர் கல்யாணம் எல்லாவற்றுக்கும் ஆகும்படி எப்படிச் சேர்ப்பது? வாரா வாரம் அதே சேலை என்று தெரியாமல் இருக்க வேண்டும். பஸ்ஸில் கொசுவம் கலையாமல் இருக்கவும் வழி சொல்லுங்கள்.

பதில்: மழைக்காலம்

பாலியெஸ்டரை ஒதுக்காதீர்கள். துவைத்துப் போட்டால் இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும், இஸ்திரி வேண்டாம், சுருங்காது. நான் பத்து வருடமாக அலுவலகத்துக்கு அதைத்தான் கட்டுகிறேன். பருத்திக்குக் கஞ்சி போட்டு, இஸ்திரிக்குக் கொடுத்து வாங்க யாருக்கு நேரம் இருக்கிறது? 8,000 ரூபாய்க்குப் பன்னிரண்டு சேலை வாங்கலாம்.

பதில்: பரமக்குடி ஆசிரியை

உன்னை ‘நீ’ என்றே எழுதுகிறேன், என் மூத்த மகளுக்கு உன் வயதுதான். நான் பரமக்குடியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். அப்பா தறிக்குழியில் கால் வைத்து நெய்த சேலையைக் கட்டிக்கொண்டுதான் 1998-இல் முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியையாகப் போனேன். இன்றும் பருத்திதான் கட்டுகிறேன். அதனால் எனக்கு இதில் பாரபட்சம் உண்டு.

முதலில் ஒன்று. சேலை வாங்கக் கடைக்குப் போகாதே, ரவிக்கைத் துணி வாங்கப் போ. சேலைக்கு ரவிக்கை தேடினால் ஒவ்வொரு சேலைக்கும் ஒரு ரவிக்கை சேர்ந்துகொண்டே போகும், பெட்டி நிறையும், காலையில் கட்ட ஒன்றும் இருக்காது. நான்கு ரவிக்கைகளை முதலில் முடிவு செய். உன் பெட்டியில் இருப்பதை வைத்துச் சொல்கிறேன்: அரக்கு ஒன்று, கருப்பு ஒன்று, கடுகு மஞ்சள் ஒன்று, கலம்காரியோ இக்கத்தோ போலப் பல நிற வடிவம் போட்டது ஒன்று. இனி வாங்கும் எந்தச் சேலையும் இந்த நான்கில் குறைந்தது இரண்டோடு சேர வேண்டும். சேராவிட்டால் எவ்வளவு அழகாக இருந்தாலும் கடையிலேயே விட்டுவிடு.

இதற்குத்தான் கட்டம் போட்ட சேலை வேண்டும் என்பேன். ஒற்றை நிறச் சேலை ஒரே பேச்சுத்தான் பேசும். கட்டத்தில் பாவில், அதாவது நீள இழையில் ஒரு நிறம், ஊடையில், அதாவது குறுக்கு இழையில் ஒரு நிறம், கரையில் இன்னொரு நிறம் என்று மூன்று இருக்கும். எந்த நிறத்தில் ரவிக்கை போடுகிறாயோ அந்த நிறம் சேலையில் எழுந்து நிற்கும். உன் அம்மாவின் கண்டாங்கியை எடுத்துக்கொள். கருப்பு ரவிக்கையோடு கட்டினால் அரக்கு எடுப்பாகி அலுவலகத்துக்கு அடக்கமாக இருக்கும். கடுகு மஞ்சள் ரவிக்கையோடு கட்டினால் கரை பளிச்சென்று தெரிந்து வளைகாப்புக்கே போகலாம். திங்கட்கிழமை ஒன்று, அடுத்த வாரம் வியாழக்கிழமை மற்றொன்று. அதே சேலை என்று யாருக்கும் தோன்றாது.

அந்தக் கண்டாங்கியைப் பத்திரமாக வைத்துக்கொள். காரைக்குடிப் பக்கம் நெய்யும் அந்தச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கனமான துணி, புதிதில் விறைப்பாக இருக்கும், துவைக்கத் துவைக்கத்தான் உடம்போடு ஒட்டும். அம்மா கட்டிப் பழக்கிய சேலை உனக்கு இப்போதே இணங்கும். கஞ்சியே வேண்டாம்.

சுங்குடியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார். புள்ளிகள் ஒன்றுக்கொன்று மிகச் சற்றே மாறி, வட்டம் முழுமையில்லாமல் இருந்தால் அது நூலால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியது. மதுரை சௌராஷ்டிரப் பெண்கள் ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போடுவார்கள், என் பெரியம்மா விரல் நகத்தை அதற்கென்றே வளர்த்திருந்தார். புள்ளிகள் அளவெடுத்ததுபோல வரிசை பிசகாமல் இருந்தால் மெழுகு அச்சில் போட்டது. அதுவும் நல்ல பருத்திதான், தாராளமாகத் தினமும் கட்டலாம். முடிச்சுச் சுங்குடியாக இருந்தால் மட்டும் பஸ் நெரிசலுக்குக் கொண்டுபோகாதே, வெள்ளிக்கிழமைக் கோயிலுக்கு வை.

பாலியெஸ்டரை விட்டால் உன் பெட்டியில் இருப்பது மூன்று. இனி வாங்க வேண்டியவை நான்கு, ஆக ஏழு. சாம்பல் நிறத்தில் அரக்குக் கரை வைத்த நெகமம் பருத்தி ஒன்று. சந்தன நிறத்தில் பொடிக் கட்டம் ஒன்று. கருநீலத்தில் மெல்லிய கடுகுக் கரை ஒன்று. நான்காவது கோவை கோரா காட்டன். அதில் பட்டும் பருத்தியும் கலந்திருப்பதால் மெல்லிய பளபளப்பு இருக்கும், நிச்சயதார்த்தம், கிரகப்பிரவேசம் எல்லாவற்றுக்கும் ஆகும், மறுநாள் அலுவலகத்துக்கும் கட்டலாம். பருத்தி ஒவ்வொன்றும் 1,100 ரூபாய்க்குள், கோரா 1,800-க்குள் என்று வைத்துக்கொண்டால் 5,100. மிச்சம் 2,900-இல் நான்கு ரவிக்கை, இரண்டு உள்பாவாடை. விலை கடைக்குக் கடை மாறும். கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்குத் தள்ளுபடி தருவார்கள், கோராவை அதுவரை ஒத்திப் போடு.

வாங்கும்போது சேலையின் இரு ஓரத்தையும் விரலால் தடவிப் பார். தறியில் துணி உள்வாங்காமல் இருக்க இருபுறமும் ஊசி வைத்த குச்சியைக் குத்தி இழுத்துப் பிடித்துத்தான் அப்பா நெய்வார். அந்த ஊசித் தடம் ஓரத்தில் பொடித் துளைகளாகத் தெரியும். கைத்தறி முத்திரையையும் கேட்டு வாங்கு. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கைத்தறிக்கென்று ஒதுக்கிய பட்டியலில் சேலையும் இருக்கிறது. இருந்தும் விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அப்பாவுக்கு ஒரு சேலைக்கு மூன்று நாள் ஆகும்.

மழைக்காலம் அவர்களே, உங்கள் சௌகரியத்தை நான் மறுக்கவில்லை. ஐப்பசி மழையில் ஒரு பாலியெஸ்டர் சேலை வேண்டும்தான். ஆனால் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் பஸ்ஸில் நிற்கும் பெண்ணுக்குப் பன்னிரண்டு பாலியெஸ்டர் சேலையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வியர்வை உள்ளேயே நின்று இடுப்பில் நாடா கட்டும் இடம் புண்ணாகிவிடும்.

பஸ்ஸுக்கு: செருப்பைப் போட்டுக்கொண்டு அதன் பிறகு சேலை கட்டு. வெறுங்காலில் அளந்து கட்டினால் உயரம் பிசகும். பஸ் படி ஏற வேண்டியவள், தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்கியே கட்டு. பருத்திச் சேலைக்குள் பருத்தி உள்பாவாடைதான் போட வேண்டும், சாட்டின் போட்டால் கொசுவம் வழுக்கி இறங்கும். கொசுவத்தை மடித்துச் செருகுவதற்கு முன் உள்பக்கமாக ஓர் ஊக்குக் குத்து. தோளில் குத்தும் ஊக்கில் முதலில் ஒரு சிறிய மணியைக் கோத்துக்கொள். ஊக்கின் சுருளில் நூல் மாட்டிக் கிழிவது அதோடு நிற்கும்.

கேள்வி கேட்டவர்: புதிய ஊழியர்

அம்மா, மிக்க நன்றி. சுங்குடியை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். புள்ளிகள் ஒன்றுபோல ஒன்று இல்லை! அம்மாவைக் கேட்டேன். பாட்டி மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்குப் போனபோது வாங்கியதாம்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். கஞ்சி எப்படிப் போடுவது? நான் போட்டால் அட்டைபோல நிற்கிறது, வெள்ளை வெள்ளையாகத் திட்டும் விழுகிறது. கல்யாணப் பட்டின் மடிப்பில் ஜரிகை லேசாக உடைந்திருக்கிறது, அதைக் கட்டலாமா?

பதில்: பரமக்குடி ஆசிரியை

திட்டு விழுவதற்குக் காரணம் வடிகட்டாதது. சோறு வடித்த கஞ்சியை ஆறவிட்டு, பழைய வேட்டித் துணியில் பிழிந்து வடிகட்டு. அரை வாளித் தண்ணீருக்கு ஒரு டம்ளர் போதும். கையை விட்டு எடுத்தால் விரல்கள் இலேசாக ஒட்ட வேண்டும், வழவழப்பு தெரியக் கூடாது. அலசிப் பிழிந்த ஈரச் சேலையை அதில் முக்கு. காய்ந்த சேலையை முக்கினால் முதலில் பட்ட இடம் கஞ்சியை எல்லாம் குடித்துவிடும். நிழலில் காயப்போட்டு, முழுவதும் காய்வதற்குள் இரண்டு பேர் நின்று நான்கு முனையையும் பிடித்து இழுத்து மடித்தால் பாதி இஸ்திரி முடிந்துவிடும். நானும் மகளும் மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இதைச் செய்கிறோம். அவள் பள்ளியில் நடந்த கதை முழுவதையும் அந்த நேரத்தில்தான் எனக்குச் சொல்லியிருக்கிறாள். மழை மாதத்தில் கஞ்சி வேண்டாம், நாற்றம் எடுக்கும். நாள்கணக்கில் பெட்டியில் வைக்கப்போகும் சேலையிலும் வேண்டாம், பூச்சி வரும்.

பட்டைக் கட்டலாம், வருடத்துக்கு இரண்டு மூன்று முறை. ஹேங்கரில் தொங்கவிடாதே. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, பழைய மடிப்பின்மேல் மடிப்பு விழாமல் மாற்றி மடித்து, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வை. ஒரே இடத்தில் மடிந்து கிடந்தால் ஜரிகை அங்கேதான் உடையும். அந்துருண்டை ஜரிகைமேல் படக் கூடாது.

சாயத்தைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஆண்டு விழாவுக்கு யானைத் தந்த நிறக் காஞ்சிப் பருத்தி கட்டிக்கொண்டு போனேன், அரக்கு ரவிக்கை புதிது. நாள் முழுவதும் வெயிலில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அக்குளிலிருந்து இடுப்பு வரை முந்தியில் இளஞ்சிவப்பு இறங்கியிருந்தது. ஆறு முறை அலசியும் போகவில்லை. அது அப்பா எனக்கென்று நெய்த சேலை. ஆகவே உன் அரக்குத் துணியைத் தைக்கக் கொடுப்பதற்கு முன் ஒரு மூலையை நனைத்து வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் தேய். கைக்குட்டை சிவந்தால் வேறு துணி வாங்கு. புதுச் சேலையை முதல் மூன்று முறை தனியாக, பச்சைத் தண்ணீரில் அலசு.

பதில்: திண்டுக்கல் தையல்காரர்

ஆசிரியை அம்மா சொன்னது அத்தனையும் சரி. முப்பது வருடம் ரவிக்கை தைத்தவன் என்ற முறையில் சேர்த்துக்கொள்கிறேன். லைனிங் துணியை ஓர் இரவு நனைத்துக் காயவைத்த பிறகே தைக்கக் கொடுங்கள். நனைக்காமல் தைத்தால் முதல் சலவையில் லைனிங் மட்டும் சுருங்கும், மேல்துணி பொங்கி நிற்கும், கைக்குழி இறுக்கும். பழி தையல்காரர்மேல் வரும். பக்கத் தையலில் உள்ளே ஓர் அங்குலம் துணி விடச் சொல்லுங்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கு இரண்டு வருடத்தில் உடம்பு சற்றே மாறும், பிரித்து விட்டுக்கொள்ளலாம். கை நீளம் முழங்கைக்குச் சற்று மேலே வரட்டும். அலுவலகத்துக்கும் பொருந்தும், பட்டுக்கும் பொருந்தும். நான்கையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். ஒன்றைத் தைத்து வாங்கி, ஒரு நாள் முழுவதும் போட்டு, கையைத் தூக்கிப் பஸ் கம்பியைப் பிடித்துப் பார்த்துவிட்டு மற்ற மூன்றைக் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்: புதிய ஊழியர்

ஐயா, அம்மா, இருவருக்கும் நன்றி. கருப்பு ரவிக்கையை மட்டும் முதலில் தைத்து வாங்கினேன். இன்று கண்டாங்கியோடு கட்டிப் போனேன். செருப்பைப் போட்டுக்கொண்டுதான் கட்டினேன், ஊக்கில் மணியும் கோத்தேன். கம்பியைப் பிடித்தபோது வலது கைக்குழி கொஞ்சம் பிடித்தது, அதை நாளை கடையில் சொல்லப் போகிறேன். அரக்குத் துணியைக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்தேன், சிவந்துவிட்டது. சனிக்கிழமை வேறு துணி பார்க்கப் போகிறேன். அம்மாவும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.